முறுக்குச் சுருளும் ஊஞ்சலும்: சில்லுக்குள் அலை எழுவது எப்படி?

என் அம்மா பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். நுண்ணோக்கியில் கண்ணை ஊன்றி, சுண்டுவிரல் நகத்திலும் சிறிய சில்லிலிருந்து அதன் வெளிக்கால்களுக்குத் தங்கக் கம்பி இணைக்கும் வேலை. ஆலையில் அதை வயர் பாண்டிங் என்பார்கள். கம்பியின் தடிமன் சுமார் 25 மைக்ரோமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. 1972இல் அந்தப் பேட்டை தொடங்கி, இன்டெல், ஹியூலெட்-பேக்கார்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் முதலில் வந்து இறங்கிய காலத்திலிருந்து, இப்படி ஓர் அம்மாவோ சின்னம்மாவோ இருந்த தமிழ்க் குடும்பங்கள் பினாங்கில் பல.

நானும் அதே பேட்டைக்குத்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் என் வேலை, கம்பி இணைப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே முடிந்துவிடும். சில்லுக்குள் எந்த உலோகக் கோடு எங்கே ஓட வேண்டும், எந்த டிரான்சிஸ்டர் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு வரைவது. அதிலும் அலையியற்றிகளும் வடிப்பான்களும் என் பங்கு.

ஆறாம் படிவம் முடித்துவிட்டு நிபோங் திபாலில் மின்னணுப் பொறியியல் படிக்கப் போகும் என் அக்காள் மகள் சென்ற மாதம் என்னிடம் கேட்டாள்: "மாமா, அலையியற்றி அலையை உண்டாக்கும், வடிப்பான் வேண்டாத அலையைத் தடுக்கும், இவ்வளவும் படித்துவிட்டேன். ஒன்று உண்டாக்குவது, மற்றது தடுப்பது. இரண்டையும் ஏன் ஒரே ஆள் செய்கிறீர்கள்?" பாடநூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் அடைத்துவிடுவதால் எழும் கேள்வி இது. என் அனுபவத்தில் இரண்டும் ஒரே பொருள்தான். அதை அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கும் சொல்கிறேன்.

ஊஞ்சலிலிருந்து தொடங்குவோம். பலகையை இழுத்து விட்டால் அது தன் கயிற்றின் நீளத்துக்கு ஏற்ற ஒரே கதியில்தான் ஆடும். உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் ஆற்றல் முழுவதும் உயரத்தில் இருக்கிறது. அடியில் விரையும்போது வேகத்தில் இருக்கிறது. மின்சுற்றில் இந்த இரு வேலைகளையும், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கியும் கம்பிச் சுருளான மின்தூண்டியும் பகிர்ந்துகொள்கின்றன. மின்தேக்கி நிறைந்திருக்கும்போது ஆற்றல் மின்புலமாக இருக்கும். அது வடிந்து சுருளுக்குள் ஓடும்போது காந்தப்புலமாக மாறும். காந்தப்புலம் சரியும்போது மின்னோட்டத்தை நிற்கவிடாமல் தள்ளி, மின்தேக்கியை எதிர்ப்பக்கமாக நிரப்பும். பிறகு அதே பயணம் திரும்பி வரும்.

எவ்வளவு வேகமாக ஆடும்? மின்தூண்டியின் அளவையும் மின்தேக்கியின் அளவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அதை இரண்டு பையால் (2π) பெருக்கி, வந்த எண்ணால் ஒன்றை வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். மின்தூண்டிக்கு 1 நானோஹென்றி, மின்தேக்கிக்கு 1 பிகோஃபாரட் என்று போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஏறத்தாழ 503 கோடி ஆட்டங்கள், அதாவது 5 கிகாஹெர்ட்ஸ். இந்த இணையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் கூடவே வரும். வேகமாக ஆட வேண்டுமானால் உறுப்புகள் சிறியவையாக இருக்க வேண்டும் என்பதால்தான் இவற்றைச் சில்லுக்குள் வைக்கவே முடிகிறது. பழைய வானொலிப் பெட்டியின் 1 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு, 1 நானோஃபாரட் மின்தேக்கியோடு 25 மைக்ரோஹென்றி சுருள் வேண்டும். அவ்வளவு பெரிய சுருளுக்குச் சில்லில் இடமே கிடையாது.

சில்லில் மின்தேக்கி எளிதாகக் கிடைக்கும் பொருள். நடுவே மெல்லிய மின்காப்பு வைத்து இரண்டு உலோகத் தகடுகளை அடுக்கினால் போதும். 1 பிகோஃபாரடுக்கு ஒரு பக்கம் 30 மைக்ரோமீட்டர் உள்ள சதுரம் தாராளம். மின்தூண்டி அப்படியல்ல. மேல்தளத்து உலோகத்தில் தட்டையாகச் சுற்றிச் சுற்றி வரையப்பட்ட சுருள் அது. நுண்ணோக்கியில் பார்த்தால் தீபாவளிக்குப் பிழிந்த கைமுறுக்கு நினைவுக்கு வரும். வளைவுகளுக்குப் பதில் எட்டு மூலைகள் இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. 1 நானோஹென்றி முறுக்கு ஒன்றின் குறுக்களவு சுமார் 200 மைக்ரோமீட்டர். தூள் உப்பின் ஒரு கல்லைவிடச் சற்றுச் சிறியது என்று சொன்னால் அற்பமாகத் தோன்றும். ஆனால் அது பிடிக்கும் பரப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட மின்தேக்கிகளை வைத்துவிடலாம். டிரான்சிஸ்டர் என்றால் பல்லாயிரம். சில்லின் நிலம் பினாங்குத் தீவின் நிலத்தைப் போல, சதுர அடிக்கு விலை. ஒரு முறுக்கு கூடுதலாக வேண்டும் என்று கேட்டால் திட்ட மேலாளரின் முகம் மாறிவிடும்.

இடம் மட்டும் சிக்கலில்லை. உலோகத்துக்கு மின்தடை உண்டு. அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் உலோகத்தின் தோலில் மட்டுமே ஓடும், 2.4 கிகாஹெர்ட்ஸில் செம்பின் அந்தத் தோலின் ஆழம் 1.3 மைக்ரோமீட்டர்தான். போதாக்குறைக்கு, முறுக்கின் காந்தப்புலம் அடியிலிருக்கும் சிலிக்கானிலும் மின்னோட்டத்தைத் தூண்டி ஆற்றலை வீணாக்கும். ஆக, நம் ஊஞ்சல் துருப்பிடித்த கொக்கியில் தொங்குகிறது. எவ்வளவு துரு என்பதைச் சொல்லும் எண்ணைத் தரக்காரணி என்கிறோம். சில்லுக்குள் இருக்கும் சுருளுக்கு அது பெரும்பாலும் 5 முதல் 15 வரை. தரக்காரணி 10 என்றால், ஓர் ஆட்டம் முடிவதற்குள் ஏறக்குறைய பாதி ஆற்றல் போய்விடும். கைக்கடிகாரத்திலும் கைப்பேசியிலும் உள்ள குவார்ட்ஸ் படிகத்துக்கோ தரக்காரணி பல்லாயிரம், ஒரு லட்சம்கூட. ஒரு முறை தட்டினால் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் தானாக ஆடும்.

இங்கே அம்மாவின் தங்கக் கம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நேரான கம்பிக்கும் மின்தூண்டல் உண்டு. அவர் இணைத்தது போன்ற கம்பிக்கு அது மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி. நான் ஒரு முறுக்கு முழுவதும் வரைந்து பெறுகிற அளவை, அவர் ஒரு சிறு வில்போல வளைத்து வைத்த கம்பி சும்மாவே தந்துவிடும். காற்றில் தொங்குவதாலும் உருண்டை வடிவாலும் அதன் தரக்காரணி முறுக்கினுடையதைவிடப் பல மடங்கு நல்லது. அந்தக் கம்பியையே மின்தூண்டியாக வைத்து அலையியற்றி செய்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு கம்பியின் வளைவும் அடுத்ததன் வளைவும் இம்மியளவு மாறினாலும் அதிர்வெண் மாறிவிடும் என்பதால் அந்த வழி பரவவில்லை. முதன்முதலாக இதை அறிந்த அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "நாள் முழுக்க நான் போட்டது அதுவா?" என்று கேட்டுவிட்டு, தம் விரல்களையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

துருப்பிடித்த ஊஞ்சலை நிற்காமல் ஆட வைக்க என்ன செய்வோம்? பின்னால் ஒருவர் நின்று தள்ளுவார். அவருக்கு இரண்டு விதிகள். தள்ளும் தருணம் சரியாக இருக்க வேண்டும். பலகை எதிரே வரும்போது தள்ளினால் நின்றுவிடும். தள்ளும் அளவும், ஒவ்வோர் ஆட்டத்திலும் உராய்வு தின்பதை ஈடுகட்ட வேண்டும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் பெயரால் வழங்கும் நிபந்தனை இதுவே: சுற்றை ஒரு முறை வலம்வந்த அலை, புறப்பட்ட அதே கட்டத்தில் (ஏற்றம் ஏற்றத்தோடும் இறக்கம் இறக்கத்தோடும் பொருந்த), புறப்பட்ட அளவுக்குக் குறையாமல் திரும்பி வர வேண்டும்.

சில்லில் தள்ளுபவர்கள் இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீட்டுக்கும், மற்றதன் வெளியீடு இதன் உள்ளீட்டுக்குமாகக் குறுக்கே பின்னப்பட்டிருக்கும். ஒன்று திறக்கும்போது மற்றது மூடும். முறுக்கின் இரு முனைகளிலிருந்தும் பார்த்தால், இந்த இணை ஓர் எதிர்க்குறி மின்தடையாகத் தெரியும். சாதாரண மின்தடை ஆற்றலைத் தின்னும். இது மின்கலத்திலிருந்து ஆற்றலை எடுத்து ஊட்டும்.

அக்காள் மகளின் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. தள்ளுபவர் இல்லாத ஊஞ்சலை, வெவ்வேறு கதியில் வெளியிலிருந்து அசைத்துப் பாருங்கள். அதன் சொந்தக் கதியில் அசைத்தால் துள்ளி ஆடும். வேறு கதியில் அசைத்தால் கண்டுகொள்ளாது. அது வடிப்பான். இப்போது எதிர்க்குறி மின்தடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உராய்வில் பாதி ஈடானால் வடிப்பான் கூர்மையாகும். முக்கால் ஈடானால் இன்னும் கூர்மை. முழுவதும் ஈடாகிச் சற்றே மிஞ்சினால், யாரும் அசைக்காமலேயே ஆடத் தொடங்கிவிடும். அது அலையியற்றி. நடுவில் இருப்பது ஒரு கோடுதான். வடிப்பான் வடிவமைப்பவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடக் கூடாதே என்று அஞ்சுகிறார். அலையியற்றி வடிவமைப்பவர் தாண்டாமல் போய்விடக் கூடாதே என்று அஞ்சுகிறார்.

யாரும் அசைக்காவிட்டால் முதல் அசைவு எங்கிருந்து வருகிறது? வெப்பத்திலிருந்து. எந்த மின்தடையிலும் எலக்ட்ரான்கள் ஓயாமல் நெரிந்துகொண்டேயிருப்பதால் மிகச் சிறிய இரைச்சல் எப்போதும் உண்டு. அதில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும். ஊஞ்சல் தன் கதியை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெருக்கும். டிரான்சிஸ்டர்களால் அதற்கு மேல் தள்ள முடியாத உயரம் வந்ததும் வளர்ச்சி நின்று, ஆட்டம் நிலைபெறும்.

இந்தத் தொடக்கத்தை நான் ஒரு முறை கோட்டைவிட்டேன். கணினி உருவகத்தில் அழகாக ஆடிய அலையியற்றி அது. உராய்வுக்குத் தேவையானதைப்போல ஒன்றரை மடங்கு தள்ளும் வலிமை கொடுத்திருந்தேன். சில்லுகள் வந்ததும் ஆய்வுக்கூடத்தில் சூட்டுக் காற்றுக் குழாயின் கீழே ஒன்றை வைத்து, வெப்பநிலையை மெல்ல ஏற்றினோம். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அலை என்று காட்டும் அலைமாலைமானியின் திரையில் ஒற்றைக் கோபுரமாக நின்ற கோடு, 90 டிகிரியைத் தாண்டியதும் தளர்ந்தது. 100ஐ நெருங்கும்போது அப்படியே அடியோடு மறைந்துவிட்டது. திரையில் இரைச்சலின் வெறும் புல்தரை. காற்றை ஆறவிட்டால் மறுபடி எழுந்தது. காரணம் சிக்கலானதல்ல. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும்; 100 டிகிரி ஏற்றத்தில் 40 விழுக்காடு. துரு கூடுகிறது. அதே சூட்டில் டிரான்சிஸ்டரின் வலிமை குறைகிறது, தள்ளுபவரும் சோர்கிறார். என் ஒன்றரை மடங்கை இரண்டும் சேர்ந்து தின்றுவிட்டன. அன்றிலிருந்து அறை வெப்பநிலையில் மூன்று மடங்குக்குக் குறைத்து நான் வைப்பதில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: உருவகத்தை 27 டிகிரியில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு மகிழாதீர்கள். கழித்தல் 40இலும் 125இலும் ஓட்டுங்கள்.

முறுக்கே இல்லாமல் அலை எழுப்பும் வழியும் உண்டு. ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் முந்தையவர் சொன்னதற்கு நேர்மாறாக அடுத்தவரிடம் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'ஆம்' என்று தொடங்கினால் ஐந்தாமவரிடமிருந்து 'இல்லை' என்று திரும்பி வரும். அடுத்த சுற்றில் 'ஆம்'. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும்வரை இது ஓயாது. ஒவ்வொருவரும் 20 பிகோநொடி எடுத்துக்கொண்டால், ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு சுற்று, 200 பிகோநொடி. அதாவது அதே 5 கிகாஹெர்ட்ஸ். இந்த வளைய அலையியற்றி மிகச் சிறியது, மலிவானது. கணிப்பொறிச் சில்லுகளில் ஏராளம். ஆனால் இதில் ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஊஞ்சல் கிடையாது. ஒவ்வொருவரின் தயக்கமும் அப்படியே நேரப் பிழையாகிவிடும். வானொலி வேலைக்கு நான் இதை நம்புவதில்லை.

நேரப் பிழை ஏன் அவ்வளவு முக்கியம்? கோலாலம்பூரில் மின்னல் பண்பலை 96.3இல் ஒலிக்கிறது, ராகா 99.3இல். வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் அலையியற்றிதான் எந்த நிலையம் வேண்டும் என்று அளந்து எடுக்கும் அளவுகோல். அளவுகோலின் கோடுகளே நடுங்கினால், பக்கத்தில் பலமாக ஒலிக்கும் நிலையத்தின் ஒரு பகுதி நம் நிலையத்தின் மேல் வந்து படியும். பண்பலையில் இடைவெளி தாராளம். புளூடூத்தில் பழைய முறைப்படி 79 தடங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே 1 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. அங்கே நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. இந்த நடுக்கத்தைக் கட்ட இரைச்சல் என்கிறோம். 1966இல் டேவிட் லீசன் அதற்கு ஒரு சூத்திரம் தந்தார். அதன் சாரம்: அதே மின்திறனில் தரக்காரணி இரு மடங்கானால் இரைச்சல் நான்கில் ஒன்றாகும். முறுக்கின் அகலம், இடைவெளி, மூலைகள் என்று வாரக்கணக்கில் நான் மல்லுக்கட்டுவது இந்த நான்கில் ஒன்றுக்காகத்தான்.

இனி நம் 1 நானோஹென்றி, 1 பிகோஃபாரட் இணையை வேலைக்கு அனுப்புவோம். பட்டர்வொர்த் படகில் வரும்போது நீங்கள் பாட்டுக் கேட்கும் புளூடூத் காதொலிப்பானுக்கு 2,440 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்று கொள்வோம். அலையியற்றியைப் பெரும்பாலும் அதன் இரு மடங்கில், 4,880 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, இரண்டால் வகுத்துக்கொள்வோம். அலையியற்றியும் வெளியே அனுப்பும் பெருக்கியும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தால், பெருக்கியின் பலத்த அலை அலையியற்றியைத் தன் பக்கம் இழுத்துவிடும். கூடவே, வேகமான அலைக்கு முறுக்கும் சிறியதாகும்.

ஆனால் உற்பத்தியில் மின்தேக்கியின் அளவு பத்து, பதினைந்து விழுக்காடு அப்படி இப்படி வந்தே தீரும். அதனால் சுற்றில் சின்னச் சின்ன மின்தேக்கிகளை வரிசையாக வைத்து, சுவிட்சுகளால் சேர்க்கவும் கழற்றவும் செய்கிறோம். நுணுக்கமாகச் சரிசெய்ய, மின்னழுத்தத்துக்கு ஏற்ப அளவு மாறும் மின்தேக்கி ஒன்றும் உண்டு. வர்க்கமூலம் நடுவில் இருப்பதால், அதிர்வெண்ணைப் பத்து விழுக்காடு நகர்த்த மின்தேக்கியை இருபது விழுக்காடு மாற்ற வேண்டும். எவ்வளவு மாற்றுவது என்று சொல்ல வெளியே ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது 40 மெகாஹெர்ட்ஸில் நிதானமாக ஆடும். நம் 2,440ஐ 61ஆல் வகுத்தால் சரியாக 40. வகுத்து வந்ததையும் படிகத்தையும் ஒரு சுற்று ஓயாமல் ஒப்பிட்டு, முந்தினால் இழுத்தும் பிந்தினால் தள்ளியும் மின்னழுத்தத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். வேகம் முறுக்கிடமிருந்து, நேர்மை படிகத்திடமிருந்து.

வடிப்பான் பக்கம் வருவோம். வானொலி அலையை வாங்கும் உணர்கொம்புக்கு அடுத்து வரும் முதல் வடிப்பானுக்குச் சில்லின் முறுக்கு போதாது. அங்கே ஒலியலையைப் பயன்படுத்துகிறார்கள். அலுமினியம் நைட்ரைடு என்ற பொருளின் மெல்லிய ஏடு, மின்னழுத்தம் பட்டால் கஞ்சிராவின் தோலைப்போல அதிரும். ஏட்டின் தடிமன் ஓரிரு மைக்ரோமீட்டர்தான் என்பதால் அதிர்வு கிகாஹெர்ட்ஸில் இருக்கும். தரக்காரணி ஆயிரத்தைத் தாண்டும். இன்றைய கைப்பேசிகளில் இத்தகைய வடிப்பான்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. இந்தத் தொழில்நுட்பத்தை அமெரிக்காவில் வளர்த்தெடுத்தது 1972இல் பாயான் லெப்பாஸுக்கு வந்த அதே ஹியூலெட்-பேக்கார்டின் கிளைதான். 1999இல் ஏஜிலென்ட் ஆகி, 2005இல் அவாகோ ஆகி, 2016இல் பிராட்காம் என்ற பெயரைச் சூடிக்கொண்டது.

சில்லுக்குள் வரும் வடிப்பான்கள், அலையைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கிய பிறகு வேலை செய்பவை. 1 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்ட வேண்டுமானால் 16 கிலோஓம் மின்தடையும் 10 பிகோஃபாரட் மின்தேக்கியும் சேர்த்தால் போதும் என்று தாள் சொல்லும். உற்பத்தியில் மின்தடை ஒரு பக்கம் பிசகும், மின்தேக்கி ஒரு பக்கம் பிசகும். பெருக்கல் முப்பது விழுக்காடுகூடத் தவறிவிடலாம். இங்கேதான் சில்லு வடிவமைப்பின் பழைய உண்மை ஒன்று உதவுகிறது: தனி அளவு பொய் சொல்லும், விகிதம் பொய் சொல்லாது. அருகருகே ஒரே மாதிரி வரைந்த இரண்டு மின்தேக்கிகள் சேர்ந்தே பெருக்கும், சேர்ந்தே சிறுக்கும். அவற்றின் விகிதம் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகாது. ஒரு சிறு மின்தேக்கியைச் சுவிட்சால் நொடிக்குப் பல லட்சம் முறை நிரப்பி வடித்தால், அது மின்தடைபோலவே நடந்துகொள்ளும். அப்போது வடிப்பானின் வெட்டு, மின்தேக்கிகளின் விகிதத்தையும் சுவிட்சின் கதியையும் மட்டுமே சார்ந்திருக்கும். கதியைப் படிகம் பார்த்துக்கொள்ளும்.

அதிர்வெண் கூடினால் சுவிட்சுகள் ஈடுகொடுக்காது. அப்போது மின்னழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றும் சிறு டிரான்சிஸ்டர் சுற்றுகளை மின்தேக்கியோடு சேர்ப்போம். இவற்றில் இரண்டை எதிரெதிராகப் பின்னினால், மின்தேக்கியே மின்தூண்டிபோல வேடமிடும். 1948இல் நெதர்லாந்துக்காரர் பெர்னார்ட் டெலகன் வகுத்த கைரேட்டர் என்ற கருத்து அது. ஆனால் இந்தச் சுற்றுகளின் வலிமை சூட்டுக்கு ஒன்று, மின்னழுத்தத்துக்கு ஒன்று என்று மாறும். வடிப்பான் வேலையில் இருக்கும்போதே அதைப் பிரித்து அளந்து திருத்தவும் முடியாது.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. வடிப்பானுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு டிரான்சிஸ்டர்களால், அதே மின்தேக்கிகளால், அதன் இரட்டைப் பிறவி ஒன்றை வரைவோம். இந்த இரட்டையை மட்டும் அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளி அலையியற்றியாக ஆட விடுவோம். அதன் ஆட்டத்தைப் படிகத்தோடு ஒப்பிட்டு, சரியான கதிக்கு வரும்வரை அதன் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைத் திருத்துவோம். பிறகு அதே மின்னழுத்தத்தை ஒரு கம்பி வழியாக வடிப்பானுக்கும் கொடுப்போம். சூடேறினால் இரண்டும் சேர்ந்தே விலகும்; ஆடுகிற இரட்டை தன் விலகலைப் படிகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்போது, பாட்டை வடித்துக்கொண்டிருக்கும் மற்றதும் கூடவே திருந்திவிடும். இதைத் தாளில் வரைந்து முடித்தபோது அக்காள் மகள் பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு கட்டங்களையும் சுற்றி ஒரே வட்டம் போட்டாள்.